ஒளிநகலுக்காக ஒரு போராட்டம்: ராஜஸ்தான் ஊராட்சிக் கணக்குகள், 1994–1998

1997 ஜூலையில், ஜெய்ப்பூரில் 53 நாள்கள் நீடித்த தர்ணாவின் முடிவில், ராஜஸ்தான் அரசு வியப்புக்குரிய ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஊராட்சி ஆவணங்களின் ஒளிநகலைப் பெறும் உரிமை ஆறு மாதங்களுக்கு முன்பே அறிவிக்கை செய்யப்பட்டுவிட்டது என்பதே அது. தெருவில் அமர்ந்திருந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்களோடு பேச்சு நடத்திவந்த அதிகாரிகளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தகவலுரிமை வழங்கும் ஆணையே தகவலாக வெளிவராத இந்த முரண், நகைப்புக்குரியது என்று கடந்துபோகத் தக்கதன்று. ஒரு தாளின் நகலைத் தருவதற்கு ஓர் அரசு இவ்வளவு ஏன் தயங்கியது என்ற கேள்வியை அது எழுப்புகிறது.

விடையைத் தேட ராஜசமந்த் மாவட்டத்தின் பீம் பகுதிக்குச் செல்ல வேண்டும். வறட்சி நிவாரணப் பணிகளே அப்பகுதி மக்களின் வாழ்வாதாரம். அப்பணிகளில் கூலி நாள்கணக்கில் மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. தோண்டிய மண்ணை இளநிலைப் பொறியாளர் அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதுவதே கூலியாக மாறியது. அளவு குறைந்தால் கூலியும் குறையும். குறைந்தபட்சக் கூலி கேட்டவர்களிடம், “நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேடு அப்படித்தான் சொல்கிறது” என்ற வகையில் பதில் தரப்பட்டது. பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது ரகசிய ஆவணம் என்றனர். 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியங்கள் சட்டம் நாட்டின் பாதுகாப்புக்கென இயற்றப்பட்டது. அது வளர்த்த ரகசியப் பண்பாடு ஒரு குளத்து மண்ணின் கன அளவு வரை இறங்கிவந்திருந்தது.

1990 மே 1 அன்று உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், கூலிக்கான போராட்டத்தைக் கணக்கிற்கான போராட்டமாக மாற்றியது இந்தப் பின்னணியில்தான். (அதன் நிறுவனர்களுள் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்தவர், இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து வந்தவர்.) 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானாவில் முதல் ‘ஜன் சுன்வாய்’, அதாவது மக்கள் விசாரணை, நடைபெற்றது. முறைசாரா வழியில் கிடைத்த பதிவேட்டு விவரங்கள் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே போகாதவர்களின் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் இருந்தன. முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டதாகத் தாளில் நின்ற கட்டடம், அரைகுறையாய் எல்லோர் கண்முன்னும் நின்றது. அடுத்த ஐந்து மாதங்களுக்குள் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய இடங்களிலும் விசாரணைகள் தொடர்ந்தன.

இக்கணக்குகள் அதற்குமுன் தணிக்கைக்கு உட்படாதவை என்று எண்ணினால் தவறாகும். அரசுத் தணிக்கை இருந்தது. ஆனால் அது தாளைத் தாளோடு ஒப்பிட்டது: ரசீதும் பதிவேடும் பொருந்தினால் கணக்குச் சரி. போலி ரசீதின் இயல்பே பதிவேட்டோடு பொருந்துவதுதான். மக்கள் விசாரணையோ தாளை நினைவோடும் நிலத்தோடும் ஒப்பிட்டது. கல் ஏற்றி வந்த வண்டிக்காரருக்குத் தாம் எத்தனை நடை போனோம் என்பது தெரியும். தம் பெயரில் கைநாட்டு இருப்பதைக் கேட்ட பெண்ணுக்குத் தாம் அந்த மாதம் ஊரிலேயே இல்லை என்பது தெரியும். எழுத்தறியாதவர்கள் தணிக்கையாளர்களாயினர் என்பதைவிட, தணிக்கைக்குத் தேவையான அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

எனவே எதிர்ப்பும் உடனே எழுந்தது. ஆவணங்களைக் காட்ட மாட்டோம் என்று கிராம சேவகர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத், ஊராட்சிப் பணிகளின் ஆவண நகல்கள் மக்களுக்குக் கிடைக்கும் என்று சட்டமன்றத்தில் உறுதியளித்தார். ஓராண்டாகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் 40 நாள் தர்ணா தொடங்கியது. அந்நாளிலேயே அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: கட்டணம் செலுத்தி ஆவணங்களைப் பார்வையிடலாம், ஒளிநகல் கிடையாது. சங்கதன் அதை ஏற்கவில்லை.

பார்வையிடுதலுக்கும் நகலுக்கும் இடையே உள்ள தூரம் சிறிதாகத் தோன்றலாம். உண்மையில் போராட்டத்தின் சாரமே அங்குதான் இருக்கிறது. பார்த்தது பார்த்தவரின் சொல் மட்டுமே; அதிகாரி மறுத்தால் அது நில்லாது. எழுதப்படிக்கத் தெரியாதவருக்கோ பார்வையிடும் உரிமை வெறும் சடங்கு. சான்றொப்பமிட்ட நகல் ஊருக்கு வரும், வாசிக்கப்படும், காவல் நிலையத்தில் சாட்சியமாகும். பார்வையை அனுமதித்து நகலை மறுத்த அரசு இந்த வேறுபாட்டைத் துல்லியமாகவே அறிந்திருந்தது எனலாம்.

பின்வந்த சட்டங்களின் வரலாறு பரவலாக அறியப்பட்டது. 1997இல் தமிழ்நாடு இந்தியாவிலேயே முதலாவதாகத் தகவலுரிமைச் சட்டம் இயற்றியது. அதன் விதிவிலக்குகளின் பட்டியல் அதன் உரிமையை மிஞ்சியது. ராஜஸ்தான் சட்டம் 2000இல் வந்தது. நாடு தழுவிய சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், 17ஆம் பிரிவில், சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாக்கியது.

ஆயினும் இவ்வரலாற்றில் குறைவாகப் பேசப்படும் பகுதி ஒன்றுண்டு. நகல் உரிமை கிடைத்தபின், 1998 ஜனவரியில் நடந்த விசாரணைகளின்போது சில ஊராட்சித் தலைவர்கள் முறைகேடான பணத்தைத் திருப்பிச் செலுத்தினர். இது வெற்றியாகக் கொண்டாடப்பட்டது, கொண்டாடத் தக்கதும்கூட. ஆனால் ஊராட்சித் தலைவர் ஊரில் வாழ்பவர், தேர்தலில் நிற்பவர், கூட்டத்தின் முன் நிறுத்தக்கூடியவர். 73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் இடஒதுக்கீட்டில் வந்த பெண்ணாகவோ தலித்தாகவோ, கிராம சேவகர் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டவராகவோ அவர் இருக்கவும் கூடும். அளவுப் புத்தகத்தில் எழுதிய பொறியாளரும், பொருள் வழங்கியோரின் ரசீதுகளை ஏற்றுத் தொகையை விடுவித்த ஒன்றிய அலுவலரும் இடமாற்றத்தில் போய்விடக்கூடியவர்கள். அவர்கள் மீதான நடவடிக்கை அவர்களுடைய துறையின் கையில் இருந்தது. 17ஆம் பிரிவும் அதை மாற்றவில்லை: கிராம சபை கணக்கைத் தணிக்கை செய்யலாம்; அளந்து எழுதியவரைத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.