கல்லூரி வாசலும் பெத்சதா குளமும்

சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த ஒக்கூர், சங்கப் புலவர் மாசாத்தியாரால் பெயர் பெற்ற ஊர். அப்பெண்பாற் புலவர் பாடியனவாக எட்டுப் பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. குறுந்தொகையில் ஐந்து, அகநானூற்றில் இரண்டு, புறநானூற்றில் ஒன்று. அந்த ஒரே புறப்பாட்டில் ஒரு தாயைக் காண்கிறோம். முன்னொரு நாள் நடந்த போரில் பிறந்த வீட்டு வீரனை இழந்தவள் அவள். அடுத்து வந்த போரில் கணவனையும் இழந்தாள். மீண்டும் போர்ப்பறை கேட்கிறது. தன் ஒரே மகனை அழைத்து, வெள்ளாடை உடுத்தி, குடுமியில் எண்ணெய் நீவி, கையில் வேலைக் கொடுத்துக் களத்திற்கு அனுப்புகிறாள்.

அவளுடைய துணிவைப் பலரும் வியந்திருக்கின்றனர். அப்பாட்டில் வேறொன்றையும் நாம் கவனிக்கலாம். மகனை எங்கே அனுப்புகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். அவன் செல்லும் வழி, அவள் வீட்டார் முன்னரே சென்ற வழி.

ஆண்டுதோறும் மேல்நிலைத் தேர்வு முடிவு வெளியானதும், நம் ஊர்களில் எத்தனையோ தாய்மார் பிள்ளையின் தலையை வாரிவிட்டு, சலவைச் சட்டையை எடுத்துக் கொடுத்து, சான்றிதழ்களைப் பையில் வைத்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க அனுப்புகின்றனர். அத்தாய்மாரிடமும் துணிவுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களில் பலருடைய வீட்டிலிருந்து அந்த வழியில் முன்னர் எவரும் சென்றதில்லை. எந்த வாசலில் நிற்பது, எந்தத் தாளை நீட்டுவது, எந்த நாளுக்குள் நீட்டுவது என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. நம் நாட்டு உயர்கல்வியின் வரலாற்றை இந்தத் தாயின் பக்கத்தில் நின்று ஒருமுறை பார்ப்பது நமக்கு நல்லது.

கடற்கரையில் திறந்த கதவு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் நிறுவப்பெற்றது. அந்நாளில் அது நேரடியாகக் கற்பிக்கும் இடமன்று. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பு. மெட்ரிகுலேஷன் என்னும் நுழைவுத் தேர்வில் தேறியவரே மேற்படிப்புக்குத் தகுதி பெற்றனர். அத்தேர்வுக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்திற்கு நல்ல பள்ளி வேண்டும். பள்ளிக்குப் பணம் வேண்டும்.

அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகப் போற்றப்படும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள். கடல் கடந்து வந்த இருவர் எல்லாருக்கும் முந்திக்கொண்டது எங்ஙனம்? 1823இல் அமெரிக்க மறைபரப்பாளர் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் அவர்கள் இருவரும் பயின்றிருந்தனர். அறிவுக்கூர்மை அவர்களுடையது, அதற்கு வழி காட்டியவர்கள் வேறு சிலர். முதன்முதலாக வாசலைக் கடந்தவர்களுக்கும் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவதற்கு ஆள் இருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையும் இப்பணியில் பின்தங்கிவிடவில்லை. இயேசு சபையினர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி, 1866இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்று, 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறியது. பெண்களுக்காகச் சென்னையில் 1914இல் இராணி மேரி கல்லூரி தோன்றியது. திருச்சியில் 1923இல் திருச்சிலுவைக் கல்லூரியும், மதுரையில் 1953இல் பாத்திமா கல்லூரியும் எழுந்தன. இவற்றின் பெயரைச் சொல்லி நாம் பெருமைப்படுவது முறையே. எனினும், தொடக்க காலத்தில் இவ்வாசல்களை எளிதாகக் கடந்தவர்கள் ஏற்கெனவே எழுத்தறிவும் வசதியும் பெற்றிருந்த குடும்பத்தினரே. 1693இல் ஓரியூர் மணலில் அருளானந்தர் குருதி சிந்திய மறவர் சீமையின் ஏழைக் கிறிஸ்தவருக்குக் கல்லூரி என்பது வெகு தொலைவில் கேட்ட சொல்லாகவே நெடுங்காலம் இருந்தது.

வாசல் ஊருக்கு வந்தது

செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்றவர்கள். கணக்கும் கைமாற்றும் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கடையிலேயே பயிற்றுவிக்கப்பட்டன. பல்கலைக்கழகப் பட்டம் அத்தொழிலுக்குத் தேவைப்படவில்லை. இருப்பினும் அந்தச் சமூகத்திலிருந்தே கல்விக்குப் பெருங்கொடையாளர்கள் தோன்றினர். கானாடுகாத்தான் இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமைந்தது.

கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றவர். இலண்டனில் சட்டம் படித்தவர். 1947இல் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில், துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், கல்லூரிகளில் இடம் போதவில்லை என்றும் செல்வர்கள் கல்லூரிகளை நிறுவ முன்வரவேண்டும் என்றும் வேண்டினார். அக்கூட்டத்திலேயே அழகப்பர் எழுந்து வாக்களித்தார் என்பர். அவ்வாண்டு ஆகஸ்டில் காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. அதே 1947இல் சிவகங்கையில் இராஜா துரைசிங்கம் கல்லூரியும் உருவாயிற்று. ஒக்கூரிலிருந்து ஒரு மாணவர் திருச்சிக்கோ சென்னைக்கோ குடிபெயராமல் கல்லூரிக்குச் செல்லலாம் என்ற நிலை அந்த ஓராண்டில் பிறந்தது. அழகப்பர் 1957இல் மறைந்தார். அவர் வித்திட்ட கல்வி நகரில் 1985இல் அரசு அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவியது. தனி மாவட்டமாகச் சிவகங்கை உருவானதும் அதே ஆண்டில்தான். சிவகங்கை மறைமாவட்டம் 1987இல் பிறந்தது.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

வாசல் அருகில் வந்ததால் மட்டும் எல்லாரும் உள்ளே போய்விடுவதில்லை. இடங்கள் சில, கேட்போர் பலர். அன்றைய சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை இடங்களைப் பங்கிட்டது. மருத்துவம், பொறியியல் ஆகிய கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1 என்பது அக்கணக்கு.

இந்த ஆணையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட செண்பகம் துரைராஜன் வழக்கில், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. தமிழகம் கொந்தளித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்பட்டோர்க்குச் சிறப்பு ஏற்பாடு செய்யும் அதிகாரம் அரசுக்கு வழங்கப்பட்டது. இவ்வழக்கில் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. வழக்குத் தொடுத்த அவ்வம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. விசாரித்தபோது இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் விண்ணப்பிக்கவில்லை என்பது அவருடைய வாக்குமூலம். எழுதப்படாத ஒரு விண்ணப்பம் இந்திய அரசியலமைப்பின் வரலாற்றில் இடம்பெற்றது. ஏனெனில் அவருக்கு நீதிமன்றத்தின் வழி தெரிந்திருந்தது. நமக்கு ஏது இடம் என்று எண்ணி, விண்ணப்பத்தாளை வாங்காமலேயே வயலுக்கும் கொத்துவேலைக்கும் திரும்பிய பிள்ளைகளை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை.

கிறிஸ்தவராகிய நமக்கு இதில் வேறொரு வேதனையும் உண்டு. பட்டியல் சாதியினர் குறித்த 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தவர்க்கே அவ்வுரிமையை வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்பட்டோராகவே கருதப்படுகின்றனர். ஒரே தெருவில், ஒரே இழிவைச் சுமந்த இரண்டு வீடுகளின் பிள்ளைகளை, விண்ணப்பத்திலுள்ள சமயம் என்னும் ஒரு கட்டம் பிரித்துவிடுகிறது. சட்டத்தைக் குறைகூறும் உரிமை நமக்குண்டு. அந்தத் தெருப் பிள்ளைக்கு நம் சொந்த நிறுவனங்களின் கதவை எவ்வளவு அகலத் திறந்தோம் என்று கேட்டுக்கொள்ளும் கடமையும் நமக்குண்டு.

குளம் கலங்கும் காலம்

பின்வந்த ஆண்டுகளில் வாசலின் அமைப்பு பலமுறை மாறியது. 1956இல் புகுமுக வகுப்பு வந்தது. 1978இல் அதன் இடத்தில் மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கியது. தொழிற்கல்விக்கு 1984இல் வந்த மாநில நுழைவுத் தேர்வு, 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீங்கியது. மருத்துவத்திற்கு 2017 முதல் நீட் தேர்வு வந்து நின்றது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் கிடைத்தது. குடும்பத்தின் முதற் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்களுக்கு 2022இலும் ஆண்களுக்கு 2024இலும் மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை தொடங்கியது.

இவையெல்லாம் நல்லவை. ஆயினும் ஒவ்வொரு சலுகையும் ஒரு சான்றிதழைக் கேட்கிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் என்று பட்டியல் நீள்கிறது. இப்போது விண்ணப்பமும் கணினி வழியே செல்கிறது. படித்த பெற்றோரின் பிள்ளைக்கு இது ஒரு மாலைநேர வேலை. முதல் தலைமுறைப் பிள்ளைக்கோ வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் கணினி மையத்திற்கும் இடையே பல நாள் அலைச்சல். அதற்குள் கடைசி நாள் கடந்துவிடுகிறது.

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் எருசலேமின் ஆட்டு வாயிலருகே இருந்த பெத்சதா குளத்தைக் காண்கிறோம். முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவர் அங்கே கிடக்கிறார். நலம் பெற விரும்புகிறீரா என்று ஆண்டவர் கேட்க, அவரோ தண்ணீர் கலங்கும் வேளையில் தம்மை இறக்கிவிட ஒருவருமில்லை என்றும், தாம் போவதற்குள் வேறொருவர் முந்திக்கொள்கிறார் என்றும் முறையிடுகிறார். குளம் எல்லாருக்கும் பொதுவானதுதான். உறவினர் உடனிருந்தவருக்கே அது பயன்பட்டது. நம் நாட்டுக் கல்லூரி வாசலின் வரலாறும் ஏறத்தாழ இதுவே.

முன்னாளில் கிராமப் பங்குகளில் உபதேசியாரும் பள்ளி ஆசிரியரும் ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தனர். அவர்கள் எழுதிக் கொடுத்த தாளின் வலிமையால் கல்லூரி கண்ட குடும்பங்கள் இன்று நம் பங்குகளில் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றன. அந்தக் கடனை எவ்வாறு அடைக்கப் போகிறோம்? பெருங்கொடை ஒன்றும் வேண்டியதில்லை. தேர்வு முடிவு வந்த ஞாயிறன்று, திருப்பலிக்குப் பின் கோவில் முற்றத்தில் ஒரு மேசை போட்டு, பட்டம் பெற்ற இளைஞர் இருவர் அமரலாம். அன்பியங்கள் வழியாக மேல்நிலை வகுப்பு முடித்தவர்களின் பெயரைத் திரட்டலாம். எந்தச் சமயத்தவர் என்று பாராமல், வரும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் முதல் சேர்க்கை நாள் வரை ஒருவர் துணைநிற்கலாம்.

விண்ணப்பம் என்ற சொல்லை நாம் அலுவலகத்திலும் ஆலயத்திலும் ஒருங்கே வழங்குகிறோம். நம் விண்ணப்பத்தை ஆண்டவர் கேட்கவேண்டும் என்று மன்றாடும் நாம், அடுத்த வீட்டுப் பிள்ளையின் விண்ணப்பத்தை நிரப்ப ஒரு மணி நேரம் உட்காரத் தயங்கலாமா? ஒக்கூர்த் தாய் தன் மகனைத் தனியே அனுப்பினாள். இன்றைய தாய் அனுப்பும் பிள்ளையோடு நம்மில் ஒருவர் கூடச் செல்வோம்.