போன பணம் மீளும் வழி

பிழைப்பை நாடிப் பம்பாய்க்கு வந்த தமிழர் பல்வேறு தொழில்களில் உழைத்தனர். தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் சிலரும், மாதுங்காவில் குடியிருந்து கோட்டைப் பகுதி அலுவலகங்களில் சிலரும், செம்பூரை அடுத்த ஆலைகளில் சிலரும் பணிபுரிந்து பணம் சேர்த்தனர். ஊரில் ஒரு வீடு, மகளுக்கு ஒரு திருமணம் என்பவையே அச்சேமிப்பின் நோக்கங்கள். அத்தகைய பணம் வஞ்சகர் கையிற் சிக்கினால், "போனது போனதுதான்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது நம்மிடையே வழக்கமாக இருந்துவருகிறது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை? வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. வெள்ளைக்காரக் கம்பெனி என்னும் மதிப்பை நம்பி, தம் சேமிப்பை அங்கே வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் திகைத்து நின்றனர். கம்பெனியின் தலைவராகிய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மறு ஆண்டில் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஆயினும் கம்பெனியின் சொத்து அதன் கடனுக்குப் போதவில்லை. திவால் சட்டத்தின்படி, எஞ்சியதில் தமக்குரிய பங்குக்காகப் பணம் போட்டவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. அத்துயரத்தின் விளைவாக, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. குற்றவாளியைத் தண்டிப்பது வேறு, பணத்தை மீட்பது வேறு என்பதை அன்றே சென்னை கண்டுகொண்டது.

1990-களில் இக்கதை மீண்டும் நிகழ்ந்தது. மிகுந்த வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் பல தமிழகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. சாதாரண மோசடி வழக்கில் குற்றவாளி சிறை செல்வான்; அவனுடைய நிலமும் வீடும் இதற்குள் கைமாறிவிடும். இக்குறையை நீக்கவே 1997-இல் தமிழக அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நிறுவனத்தின் சொத்தையும், பிறர் பெயரில் வாங்கப்பட்ட சொத்தையும், போதாவிடில் அதனை நடத்தியவர்களின் சொத்தையும் அரசே ஜப்தி செய்யலாம். தனி நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அவற்றை விற்று, பணம் போட்டவர்களுக்கு விகிதப்படி பகிர்ந்தளிக்கலாம். 1999-இல் மகாராஷ்டிரமும் இதே நோக்குடைய சட்டமொன்றைச் செய்தது.

இவ்விரு சட்டங்களின் பிற்கால வரலாறு பம்பாய்த் தமிழர் அறிந்துகொள்ளத்தக்கது. இத்தகைய சட்டத்தை இயற்ற மாநிலத்திற்கு அதிகாரம் இல்லை என்று 2005-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் மகாராஷ்டிரச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. 2011 மார்ச்சில் தமிழகச் சட்டம் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் மாறுபட்டது. ஏமாந்த எளிய மக்களைக் காப்பதே இதன் உட்கருத்து, ஆதலின் இது மாநிலத்தின் அதிகாரத்துக்குட்பட்டதே என்று கூறி, பம்பாய்த் தீர்ப்பின் கருத்தை ஏற்க மறுத்தது. அதன்பின் மகாராஷ்டிரச் சட்டமும் நிலைபெற்றது. தாதரில் நடந்த டோரஸ் நகைக்கடைத் திட்டம் 2025 ஜனவரியில் சரிந்தபோது, மும்பைப் போலீசார் இச்சட்டத்தின் கீழும் வழக்குத் தொடர்ந்தனர். தமிழகத்தில் எழுந்த வழக்கு, மாதுங்காவிற்கு அண்டைப் பகுதியில் ஏமாந்தவர்களுக்கும் இவ்வாறு பயன்பட்டது.

எனினும் சட்டம் இருந்தால் மட்டும் போதாது. 2008, 2009-ஆம் ஆண்டுகளில் திருப்பூரைச் சேர்ந்த பாசி நிறுவனம், இணையவழி அந்நியச் செலாவணி வாணிபத்தில் பெருலாபம் கிட்டும் என்று கூறிச் சுமார் 930 கோடி ரூபாய் திரட்டியது. 2022 ஆகஸ்டில்தான் கோயம்புத்தூர் தனி நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டுச் சிறையும், ஏறத்தாழ 171 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அவ்வபராதம் முழுவதும் வசூலானாலும், திரட்டிய தொகையில் ஐந்தில் ஒரு பங்கினும் குறைவே. காலம் செல்லச் செல்ல மீட்கத்தக்க பொருள் குறைந்துகொண்டே போகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்றோ வஞ்சகனுக்கு அலுவலகமும் வேண்டாம். கைப்பேசியில் ஒரு செயலி, அதில் பொய்யாக ஏறிக்கொண்டே போகும் லாபக் கணக்கு, அவ்வளவே. நாம் அனுப்பும் பணம் சில நிமிடங்களில் வாடகைக்கு எடுத்த பல வங்கிக் கணக்குகளின் வழியே ஓடிவிடுகிறது. ஜப்தி செய்ய நிலமோ வீடோ இல்லை. ஓடும் பணத்தை வழியிலேயே மறிப்பதுதான் மீட்பு. அதற்கென 2021-இல் மத்திய உள்துறை அமைச்சகம் ஏற்படுத்திய உதவி ஏற்பாட்டின் இன்றைய தொலைபேசி எண் 1930. புகார் விரைந்து சென்றால், வங்கிகள் அத்தொகையை அப்படியே நிறுத்திவைக்கின்றன. பின்னர் நீதிமன்ற உத்தரவு பெற்று உரியவர் அதனைப் பெறலாம்.

தாராவியை அடுத்த பாந்திரா-குர்லா வளாகத்தில் தலைமையகம் கொண்ட செபி அமைப்பிடம் பதிவு பெற்ற தரகர் தவறு செய்தால், அதன் ஸ்கோர்ஸ் முறையில் முறையிடலாம். பதிவே இல்லாதவன் ஏமாற்றினால் போலீசாரிடமே செல்ல வேண்டும். குற்றம் எங்கே நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சட்டம் கூறுகிறது. ஆதலின், ஊரிலுள்ள நிறுவனத்தில் பணம் இழந்தவர் செம்பூரிலிருந்தே தொடங்கலாம். பணம் அனுப்பிய சான்று, வங்கிக் கணக்கு விவரம், வந்த செய்திகள் ஆகியவற்றை அழியாமல் வைத்திருத்தல் வேண்டும். பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்னதாகக் கட்டணம் செலுத்துங்கள் என்று வருவோரை அறவே விலக்குக. இழந்தவரைத் தேடி வரும் இரண்டாம் வஞ்சகர் அவர்.

நம் பெரியோர்கள் வெட்கத்தால் இழப்பை மறைத்தனர். அம்மௌனத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் வஞ்சகனுக்கே லாபம். இழந்தவர் அன்றே வாய் திறக்கட்டும். அண்டை வீட்டார் அவரை ஏளனம் செய்யாது காவல் நிலையம் வரை உடன் செல்லட்டும். நூறாண்டுகளாகப் பலர் பட்ட துன்பத்தால் கிடைத்த சட்டங்கள், அப்போதுதான் நமக்குப் பயன் தரும்.