ஷிப்டும் வெறும் வயிறும்: ஒரகடத்தில் அமிலத்தடுப்பு மருந்துத் தேர்வு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கத்து மருந்துக்கடையில் ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பான்டோபிரசோல்தான். நெஞ்செரிச்சலுக்கு அது போதலாம். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை ஒழிக்க ஆன்டிபயாடிக்கோடு சேர்க்கும்போது போதாது. ஷிப்டு மாறி மாறி வேலை பார்ப்பவருக்கு இந்தத் தேர்வை மருந்தின் வலுவோடு அவர் சாப்பிடும் நேரத்தையும் பார்த்தே செய்ய வேண்டும் என்பது என் வாதம்.

அந்த ஆன்டிபயாடிக்குகளில் ஒன்றான அமோக்சிசிலின் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் கொல்லும். இரைப்பையின் அமிலம் நன்கு தணிந்தால்தான் கிருமி பெருகும், இல்லாவிட்டால் ஒடுங்கிக் கிடந்து தப்பிவிடும். ஒமிப்ரசோல் வகை மருந்துகள் இயங்கும் அமிலப் பம்புகளை மட்டுமே பூட்டுகின்றன. அந்தப் பம்புகளை எழுப்புவது சாப்பாடு. ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால் விழுங்க வேண்டும். இந்த வகைக்குள்ளும் வலு ஒன்றல்ல. அமிலத்தை அடக்குவதில் பான்டோபிரசோல் 40 மி.கி., ஒமிப்ரசோல் 9 மி.கி.க்கே ஏறத்தாழச் சமம். ரபிப்ரசோல் 20 மி.கி.யோ 36 மி.கி.க்கு.

காலை ஷிப்டுக்காரர் விடியுமுன் அறையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறார். சாப்பாடு கேன்டீன் இடைவேளையில்தான். ரத்தத்தில் பாதி மருந்து ஓரிரு மணி நேரத்தில் கரைந்துவிடும். பம்புகள் விழிக்கும்போது பூட்ட ஆளில்லை. பதினான்கு நாள் மருந்து முடிவதற்குள் ஷிப்டும் மாறிவிடும். இரவெல்லாம் லைனில் நிற்பவருக்குச் சீட்டில் உள்ள ‘காலை உணவுக்கு முன்’ எந்த நேரம்?

ஜப்பானில் 2015இலும் இந்தியாவில் 2024இலும் விற்பனைக்கு வந்த வோனோபிரசான் சாப்பாட்டை எதிர்பார்ப்பதில்லை. பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்து முதல் வேளையிலேயே பம்பை அடைக்கிறது. 2016இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் இதை அமோக்சிசிலின், கிளாரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளோடு சேர்த்த மும்மருந்து முறை 92.6 விழுக்காட்டினரைக் குணப்படுத்தியது. ஒமிப்ரசோல் வகையைச் சேர்ந்த லான்சோபிரசோல் சேர்த்தது 75.9.

தமிழரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் ஒமிப்ரசோலை மெதுவாகவே சிதைப்பவர்கள் என்று ஜிப்மர் ஆய்வு 2003இல் காட்டியது. அவர்களுக்குப் பழைய மருந்தே கூடுதல் நேரம் வேலை செய்யுமே என்று கேட்கலாம். ஜப்பானியரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அப்படிப்பட்டவர்தான், அங்கேயே இவ்வளவு வித்தியாசம் தெரிந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஆன்டிபயாடிக் பக்கம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 2003இல் வெளியிட்ட பன்மைய ஆய்வில், 259 கிருமி மாதிரிகளில் 44.7 விழுக்காடு கிளாரித்ரோமைசினுக்கு மசியவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், அப்படி மசியாத கிருமி கொண்டவர்களில் வோனோபிரசான் மும்மருந்தால் குணமானவர்கள் 65.8 விழுக்காடு. லான்சோபிரசோலின் 31.9ஐவிட இரு மடங்குதான், ஆனாலும் மூன்றில் ஒருவர் குணமாகாமலே திரும்புகிறார். ஆகவே அமிலத்தடுப்பை மட்டும் மாற்றிக் கிளாரித்ரோமைசினைத் தொடர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே இந்திய ஆய்வில் டெட்ராசைக்ளினுக்கு எதிர்ப்பு மிகக் குறைவு. பிஸ்மத்தும் அதுவும் சேர்ந்த நான்மருந்து முறையே இங்கே முதலில் வர வேண்டும். அதைத் தினம் நான்கு வேளை விழுங்க வேண்டியவரிடம் ஐந்தாவதாகச் சாப்பாட்டுக் கடிகாரம் ஒன்றையும் சுமத்தாமலிருக்க வோனோபிரசான் உதவும்.

அதன் விலை கட்டாதவருக்கு ரபிப்ரசோல் எழுதலாம். எழுதுமுன் இந்த வாரம் எந்த ஷிப்டு, அடுத்த வாரம் எந்த ஷிப்டு, கேன்டீன் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அரை மணி முந்திய நேரத்தைச் சீட்டிலேயே குறிக்க வேண்டும். அந்த நேரத்தில் லைனை விட்டு நகர்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க சூப்பர்வைசர் இரண்டு நிமிடம் விட வேண்டும்.