தங்கவயல் காத்த 'தமிழன்'

நகரத்துச் சேரிகளின் வரலாற்றை வறுமையின் வரலாறாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். கோலார் தங்கவயல் வேறொன்றைச் சொல்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன நம் மக்கள், லைன் வீடுகளில் குடியிருந்தபடியே பௌத்த சங்கம் கட்டினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய வார இதழான 'தமிழ'னைத் தாங்கி நின்றார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் ஜி. அப்பாதுரையார் அவ்விதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் அவர் பெயரையே உச்சரிக்காத காலம் அது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. வெட்டியெடுத்த தங்கத்தில் நமக்குப் பங்கில்லை. அவர்கள் அச்சிட்ட எழுத்து நம்மிடம் இருக்கிறது. ஒரு சங்கம், ஓர் இதழ், ஒரு புத்தகசாலை: நம் குடியிருப்புகளில் தலைமை என்று நாம் வளர்க்க வேண்டியது இவற்றைக் கட்டுகிறவர்களைத்தான்.