தனுஷ்கோடிக்குப் போன பூப்பந்து வசூல்

மலர்க் குழுவினர், "பழைய காலத்து விஷயம் ஏதாவது எழுதுங்கள்" என்று கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நாங்கள் வாங்கிய கோப்பைகள் அல்ல. ஒரு கணக்கு நோட்டு.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் அதன்பின் ரயில் போகவில்லை.

இன்றைய மாணவர்களுக்கு அது வேறு மாவட்டம். அன்று விருதுநகர், சிவகாசி, தனுஷ்கோடி எல்லாம் ஒரே இராமநாதபுரம் மாவட்டம்தான். கலெக்டர் ஆபீஸ் மதுரையில் இருந்தது. 1985 மார்ச் 15-ல்தான் நாம் தனி மாவட்டம் ஆனோம். ஆகவே செத்தவர்கள் எங்கள் ஜில்லாக்காரர்கள்.

நாங்கள் மாலையில் பூப்பந்து ஆடும் பன்னிரண்டு பேர். பொங்கலை ஒட்டி, சிவகாசிக் குழுவை அழைத்துக் காட்சி ஆட்டம் நடத்தி, வசூலைப் புயல் நிவாரணத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம். டிக்கெட் 25 பைசா. நன்கொடைக்காக முதலில் பஜாரில் ஒரு பெரியவரிடம் போனோம்.

"ஆட்டம் சரி. கணக்கு யாரு எழுதுறா?" என்றார்.

முழித்தோம். மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். "முதல்ல இதுல எழுதுங்க தம்பி. பெறவு துட்டு தாரேன்."

அவர் அப்படிக் கேட்டதற்கு ஊரின் வரலாறே காரணம். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று எடுத்து வைத்து வளர்ந்த ஊர் இது. காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா, மகமைப் பணத்திலும் வீட்டுக்கு வீடு வாங்கிய பிடியரிசியிலும் நடந்த பள்ளி. 1950-களில் புயல் நிவாரணத்துக்காகச் சிவாஜி கணேசன் 'பராசக்தி' வசனம் பேசி நிதி திரட்டியதும் விருதுநகரில்தான். கொடுப்பது இங்கே புதிதில்லை. ஆனால் பிடி அரிசியானாலும் கணக்கில் வர வேண்டும்.

சிவகாசியிலிருந்து வந்த குழு வெறுங்கையோடு வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் சனிக்கிழமை சம்பள நேரத்தில் துண்டை விரித்துச் சேர்த்த சில்லறையைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வானம் மூடினால் சரக்கு காயாது, கூலியும் குறையும் என்றிருக்கும் பிழைப்பு அது. அந்த மழை மாதங்களைத் தாண்டி வந்த கைகள் போட்ட காசு!

ஆட்டம் முடிந்தது. நாங்கள்தான் தோற்றோம். அப்போது நான் சொன்னேன்: "நம்ம வலை கிழிஞ்சு கெடக்கு. செலவுன்னு எழுதி ஒரு வலை வாங்கிருவோமே?" இரண்டு பேர் தலையாட்டினார்கள். நோட்டைப் பிடித்திருந்தவன் மட்டும், "எந்தப் பக்கத்துல எழுத? இது யாரு துட்டு?" என்றான். ஒருவரும் பேசவில்லை. டிக்கெட் அச்சடித்த கூலியையும் பஸ் சார்ஜையும் எங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டோம். வசூல் முழுதும் கலெக்டருக்கு மணியார்டரில் போனது. ரசீதை நோட்டில் ஒட்டிப் பெரியவரிடம் காட்டினோம். வலையைத் தைத்துத்தான் ஆடினோம்.

பத்து நாளில், ஜனவரி 25-ல், இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. கல்லூரிகள் மூடின. எங்கள் குழுவிலேயே காங்கிரஸ் வீட்டுப் பிள்ளையும் கழகத்துப் பிள்ளையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் இருவர் கையெழுத்தும் அடுத்தடுத்து இருந்தன. பின்னாளில் அதைக் காட்டித்தான் இருவரையும் மைதானத்துக்குத் திரும்ப அழைத்தோம்.

2004 சுனாமிக்கும் 2018 கஜா புயலுக்கும் மாணவர்கள் நிதி திரட்டியதைப் பார்த்து மகிழ்ந்தவன் நான். இன்று செல்போனிலேயே பணம் வந்துவிடுகிறது. தம்பி தங்கைகளே, ஆட்டம் நடத்துங்கள், வசூல் செய்யுங்கள். ஆனால் முதல் ரூபாய் வருவதற்கு முன் ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள். வலை வாங்கலாமே என்று கேட்கும் என்னைப் போன்ற ஒருவன் உங்களிலும் இருப்பான்.