நிறம் தெரியாத பேராசிரியர்

தாதுவுக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளிச்சத்தைக் கொண்டே படித்துவிடும் வித்தை 1859-ல் ஜெர்மனியில், ஹைடல்பெர்க் நகரில் பிறந்தது. ஒரு பொருளைச் சுடரில் காட்டி, எழும் ஒளியைப் பட்டகத்தின் வழியே பிரித்தால் ஒவ்வொரு மூலகமும் தனக்கென்று உள்ள வர்ணக் கோடுகளைக் காட்டிக் கொடுக்கும் என்று கிர்ச்சாஃபும் புன்ஸனும் நிரூபித்தார்கள். அது ஊரறிந்த கதை. எனக்குப் பிடித்த கதை அதற்கு நாலு வருஷம் பிந்தியது.

ஸாக்ஸனியில் ஃப்ரைபெர்க் என்று ஒரு சுரங்க ஊர். அங்குள்ள சுரங்கக் கலாசாலையில் ஃபெர்டினாண்ட் ரைஷ் என்ற பேராசிரியர் இருந்தார். 1831-ல், சுமார் 158 மீட்டர் ஆழமுள்ள சுரங்கக் குழிக்குள் குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அவை நேர் கீழே விழாமல் கிழக்கே துளி விலகுவதை அளந்து, பூமி சுழல்வதற்குச் சாட்சி தேடிய மனிதர். பொறுமையைக் கேட்கவா வேண்டும்!

1863-ல், அறுபத்து நாலு வயதில், உள்ளூர்த் துத்தநாகத் தாதுவில் தாலியம் இருக்கிறதா என்று தேடினார். இரண்டு வருஷம் முன்புதான் லண்டனில் குரூக்ஸ் கண்டுபிடித்த உலோகம் அது. அடையாளம் ஒரு பச்சைக் கோடு. தாதுவை வறுத்து, அமிலத்தில் கரைத்து, கடைசியில் இன்னதென்று விளங்காத மஞ்சள் வண்டல் ஒன்று கிடைத்தது. இனிச் சுடரில் காட்டிக் கோட்டைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ரைஷ் நிறக்குருடர்.

உதவியாளர் ரிக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பச்சையைக் காணோம். அதுவரை யாரும் குறித்திராத, பளிச்சென்ற அவுரி நீலக் கோடு ஒன்று தெரிந்தது. புது மூலகம்! அவுரி நிறத்தை வைத்தே அதற்கு இண்டியம் என்று பெயர் சூட்டினார்கள். அவுரிச் சாயத்துக்கு ஐரோப்பியர் வைத்திருந்த பெயரே இந்தியாவிலிருந்து போனதுதான். அந்த வழியில் நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு.

இருவரும் சேர்ந்தே பிரசுரித்தார்கள். பின்னாளில் ரிக்டர், கண்டுபிடித்தவன் நான் ஒருவனே என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினார். ரைஷின் மனம் நொந்தது. ரிக்டர் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கோட்டைக் கண்டது அவர் கண்தானே? ஆனால் எந்த வண்டலைச் சுடரில் வைக்க வேண்டும் என்று தெரிந்தது யாருக்கு? என் ஓட்டு கிழவருக்குத்தான்.

இன்று இந்த வழக்கே எழாது. 1960-ல் லேசர் பிறந்தது. இரண்டே வருஷத்தில் அதைக் கொண்டு பொருளை ஆவியாக்கி நிறமாலை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். தாதுத் துண்டின்மேல் லேசரைக் குவித்தால், குண்டூசி முனையளவு இடம் ஆவியாகிக் கனன்று ஒளிர்கிறது. அதன் கோடுகளைக் கருவியே பதிந்து கணக்கிடுகிறது. வறுக்க வேண்டாம், அமிலம் வேண்டாம், ரிக்டரின் கண்ணும் வேண்டாம். 2023-ல் சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யான் வண்டி, சந்திரனின் தென்துருவத்துக்கு அருகே இந்த முறையில்தான் மண்ணைச் சுட்டுப் பார்த்துக் கந்தகம் உண்டென்று சொல்லிற்று.

ரைஷின் இண்டியம் இன்று நாம் விரலால் தடவும் செல்போன் திரைகளில், மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் என்பதற்காகத்தான் அதை அங்கே பூசுகிறார்கள்.