ஏழை இல்லமும் சூரிய மின்சாரமும்

கதிரவன் ஏழையின் கூரைக்கும் செல்வரின் மாளிகைக்கும் வேறுபாடின்றி ஒளி வழங்குகிறான். ஆயினும், அவ்வொளியை மின்சாரமாக மாற்றித் தரும் கருவி ஏழையின் கைக்கு எட்ட நெடுங்காலம் பிடித்தது. அது எட்டிய வரலாறு விஞ்ஞானத்தின் வரலாறு மட்டுமன்று; கடன் கொடுக்கும் முறையின் வரலாறுமாகும். வங்காளதேசத்துக் கிராமங்களைச் சான்றாகக் கொண்டு இவ்வுண்மையை ஈண்டு ஆராய்வோம்.

ஒளியினின்று மின்னோட்டம் எழக்கூடும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கெரல் 1839ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். பயன்தரத்தக்க சிலிக்கன் மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் 1954இல் உலகுக்குக் காட்டினர். தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே அது மின்சாரமாக்கிற்று. விலையோ வீட்டுக்கு ஒவ்வாதது. ஆதலின் அது வீட்டுக்கு வருமுன் விண்ணுக்குச் சென்றது. 1958இல் ஏவப்பட்ட வான்கார்டு 1 என்னும் துணைக்கோள் சூரிய மின்கலங்களைத் தாங்கிச் சென்றது.

1970களின் தொடக்கத்தில் எலியட் பெர்மன் என்பாரின் முயற்சியால், வாட்டுக்கு ஏறத்தாழ 100 அமெரிக்க வெள்ளியாக இருந்த விலை 20 வெள்ளியளவுக்கு இறங்கிற்று. 1973இன் எண்ணெய் நெருக்கடி பல நாடுகளின் கவனத்தை இத்துறையிற் திருப்பியது. 1994இல் ஜப்பான் வீட்டுக் கூரைகளுக்கு உதவித் தொகை வழங்கலாயிற்று. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனி, கூரை மின்சாரத்தை உறுதியான விலைக்கு வாங்கச் சட்டம் இயற்றிற்று. தேவை பெருகவே ஆலைகள் பெருகின; ஆலைகள் பெருகவே விலை குறைந்தது. எனினும், இவை யாவும் கையில் முதல் உள்ளோர்க்கு அமைந்த வழிகளே.

வங்காளதேசத்து நாட்டுப்புறக் குடும்பத்தின் நிலை வேறு. மின்கம்பி எட்டாத ஊர்களில் அக்குடும்பம் மண்ணெண்ணெயைச் சிறிது சிறிதாக வாங்கி விளக்கெரித்தது. அச்செலவு ஆண்டுக்கணக்கிற் சிறிதன்று. ஆனால் ஒரு தகட்டின் விலையை ஒரே நாளில் எடுத்து வைக்க அதனால் இயலவில்லை. தடையாக நின்றது விலை மட்டுமன்று. விலையை மொத்தமாகச் செலுத்த வேண்டியிருந்த முறையுமாகும்.

இத்தடையை நீக்க 1996இல் கிராமின் சக்தி என்னும் நிறுவனம் தோன்றிற்று. விலையில் ஒரு சிறு பகுதியை முன்பணமாகப் பெற்று, எஞ்சியதை இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதத் தவணையாக வாங்கிக்கொண்டது. 2003இல் அரசாங்கத்தின் இட்கால் நிறுவனம், உலக வங்கி முதலியவற்றின் துணையோடு இம்முறையை நாடெங்கும் பரப்பியது. விற்கும் அமைப்புகளுக்கு அது குறைந்த வட்டியிற் கடன் அளித்தது. கருவிகளின் தரத்தைச் சோதித்தது. தகட்டுக்கு 20 ஆண்டும் பாட்டரிக்கு 5 ஆண்டும் உத்தரவாதம் வேண்டுமென விதித்தது. தவணை வாங்க வரும் பணியாளர் கருவியையும் பார்வையிட்டார். கிராமத்துப் பெண்கள் பலரும் பழுதுபார்க்கும் பயிற்சி பெற்றனர். உதவித் தொகை படிப்படியாகக் குறைக்கப்பட்டது, விற்பனையோ வளர்ந்தது. 2008க்குள் 50,000 வீடுகள் என்ற இலக்கு 2005லேயே நிறைவேறிற்று. 2018க்குள் 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள், ஏறத்தாழ 2 கோடி மக்கள், இவ்வொளியைப் பெற்றனர்.

இவ்வளர்ச்சி நிலைக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது. 2013க்குப் பின் விற்பனை சரிந்தது. அரசாங்க மின்கம்பி எதிர்பார்த்ததினும் விரைவாக ஊர்களை அடைந்தது. மற்றோர் அரசாங்கத் திட்டம் தகடுகளை இலவசமாகவே வழங்கியது. அண்டை வீட்டார் இலவசமாகப் பெற்றதற்குத் தாம் ஏன் தவணை கட்டவேண்டும் என மக்கள் கேட்டதில் வியப்பில்லை. கடன்கள் நிலுவையாயின, விற்ற அமைப்புகள் நலிந்தன. ஒரு கையாற் கட்டியதை மறு கை அவிழ்த்தது.

இனி நம் நாட்டை நோக்குவோம். மலேசியாவின் 2011ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம், வீட்டுக் கூரை மின்சாரத்தை விற்க வழி திறந்தது. ஆயின் விற்பதற்கு முன் தகடு வாங்க வேண்டும். தகடு வைக்கச் சொந்தக் கூரை வேண்டும். வங்காளத்துக் குடியானவரிடம் பணமில்லை. ஆனால் கூரை அவருடையது. நம் தோட்டத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவருக்கோ கூரையும் தோட்டத்துக்கே உரியதாயிருந்தது. விலை குறைதல் முதற்படி. தவணை இரண்டாம் படி. கூரையுரிமை மூன்றாம் படி. முதலிரண்டை அறிவும் ஒழுங்கும் அமைத்துத் தந்தன. மூன்றாவதைச் சமுதாயமே அமைத்துக்கொள்ள வேண்டும். இதை நம் மாணாக்கர்க்குக் கணக்குப் பாடமாகவும் வரலாற்றுப் பாடமாகவும் ஒருங்கே கற்பிப்பது ஆசிரியர்களாகிய நம் கடமையாகும்.